முகவரி: ஒரு செம்மறிக் கிடா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கால்நடை ஆய்வாளர். ஆட்டுக்குக் காய்ச்சல் பார்ப்பேன், ஊசி போடுவேன், காதில் வில்லை மாட்டுவேன். ஆனால் கிடைக்காரர்கள் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன். ஆடுகளே ஆட்சேபிக்காதபோது நமக்கென்ன என்று பிறகு விட்டுவிட்டேன்.

டெல்டாவில் அறுவடை முடிந்ததும் சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் வந்து இறங்கும். இராத்திரி முழுக்க ஒரு வயலில் ஆடுகளை அடைத்துவைத்தால் அந்த வயலுக்கு எரு. அதுதான் கிடை. இரண்டு நாளுக்கொரு வயல், வாரத்துக்கொரு ஊர். நாளைக்கு எந்த வயல் என்பது மந்தைக்காரருக்கே இன்று சாயங்காலம்தான் தெரியும். ஆனால் இப்போது எந்த வயலில் இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆட்டுத் திருட்டை ஒழிக்க அரசாங்கம் கொடுத்த காதுவில்லைக்குள் கடுகளவு ஒரு கருவி இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன் என்று மணிக்கொரு தரம் அது வானத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உடம்புச் சூடும் நாடித்துடிப்பும் இருந்தால்தான் பேசும். காதிலிருந்து கழற்றினாலோ ஆடு செத்தாலோ அடுத்த நொடி ஊமையாகிவிடும். அதனால் எந்த மூலையில் கிடை போட்டாலும் ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியோடு நான் போய் நிற்பேன்.

அப்படிப் போய் நின்ற ஒரு பங்குனிக் காலையில்தான் கிடைக்காரி ராக்கு அதைச் சொன்னாள். முப்பது வயது இருக்கும். தார்ப்பாய்க் குடிசையின் கழியில் தூளி கட்டி நாலு மாசப் பெண் குழந்தையைப் போட்டிருந்தாள். ஒவ்வோர் ஆடாகக் காலிடுக்கில் பிடித்துக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"எம்மக காதுலயும் ஒண்ண மாட்டிவிட்டுருங்க டாக்டரம்மா. ஆட்டைத் தேடி ஊசி வருதுல்ல. அதே மாதிரி அவளையும் தேடிக்கிட்டு வரட்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஈரக்காய்ச்சல் பற்றித் தெரியாதவர்கள் இன்று யாருமில்லை. மழை தொடங்கியதும் வரும், பச்சைக் குழந்தைகளின் நுரையீரலில் போய் உட்காரும். மருந்து இருக்கிறது, நல்ல மருந்து. ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்துக்கும் தனியாகக் கலக்கவேண்டிய மருந்து. கலந்த ஆறு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இருபத்தெட்டு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி, இரண்டும் ஆறு மாசம் முடிவதற்குள். பிறகு போட்டால் பிடிக்காது. ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஊர் ஊராகப் போய் நின்று, பட்டியலில் உள்ள பேருக்கு அங்கேயே கலந்து, உள்ளே இருக்கும் நர்ஸ் கையால் போட்டுவிட்டுப் போகும். எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்யும் கணினிக்கு 'அருகு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மூத்தவன் இருந்தான்" என்றாள் ராக்கு. "மாயழகு. எட்டு மாசம். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆவணியில போயிட்டான். அதுக்கு முன்ன, நாலு மாசப் புள்ளையா இருக்கையிலயே ஊசிக்காகப் பதினேழு கிலோமீட்டரு தூக்கிக்கிட்டுப் போனேன், ஆஸ்பத்திரிக்கு. ஊசி இல்லாம இல்ல. ஆனா ஒங்க புள்ள பேரு இந்தப் பட்டியல்ல இல்ல, ஒங்க ஊர் வண்டியில இருக்குன்னாக. எங்க ஊரு நூத்தம்பது கிலோமீட்டரு. ஆட்ட யாருகிட்ட விட்டுட்டுப் போக?"

அன்று மீதி ஆடுகளுக்கும் ஊசி போட்டு முடித்தேன். ஆட்டுக்குக் கிடைக்கிறது, ஆட்டுக்காரிக்குக் கிடைக்கவில்லை. இந்த லட்சணத்தில் பத்து வருஷமாக என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அருகைக் கவனித்துக்கொள்ளும் ஹபீப் எனக்குப் பழக்கம். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவன் அமைதியாக மாயழகின் பெயரைத் தேடி எடுத்தான். பெயருக்கு எதிரே ஒரே ஒரு வார்த்தை இருந்தது. மறுப்பு.

"யார் மறுத்தா?" என்றேன். "பதினேழு கிலோமீட்டர் தூக்கிட்டு நடந்தவளா?"

"அது மேல கோபப்படாதீங்க அக்கா. அதுக்குச் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். வண்டி எவ்வளவு தள்ளி நிக்குதோ அவ்வளவு கொறைவாத்தான் ஜனங்க வருவாங்க. அஞ்சு கிலோமீட்டர் தாண்டினா பாதிப் பேர் வர்றதில்ல. ஊசி வேணாம்னு இல்ல. அடுப்பு இருக்கு, மாடு இருக்கு, படுத்த கெழவன் இருக்கான். அதனால தூரத்தைக் கொறைன்னு சொன்னோம். கொறைச்சுது. இன்னிக்கு எந்த வீட்டுக்கும் ரெண்டு கிலோமீட்டருக்குள்ள வண்டி நிக்குது."

"ராக்கு பக்கத்துல நிக்கலையே."

"நின்னுதே. அவங்க வீட்டுப் பக்கத்துல, சிவகங்கையில. ஆறு தடவை போய் நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கு."

"பூட்டின வீட்டுக்கு முன்னால நின்னு கூப்பிட்டா யாருப்பா வருவா?"

"வீடு இடம் மாறும்னு அதுக்கு யாரும் சொல்லலையே அக்கா. வீடு இங்க, வண்டி பக்கத்துல, அப்பவும் வரலைன்னா வேணாம்னு அர்த்தம். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." திரையிலிருந்த மறுப்பை மறுபடி பார்த்தான். பிறகு, "எங்களுக்கும்தான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை மன்னித்துவிட்டேன். அவனும் சும்மா இருக்கவில்லை. இரண்டு மணி நேரம் படிவங்களைக் குடைந்து ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தான். கழிமுகத்தில் படகிலேயே குடியிருப்பவர்களுக்காக எப்போதோ வைத்தது. நகரும் வீடு, அரசுப் பதிவு எண். அந்த எண் எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும்.

"படகு எண்தான் போடணுமா?"

"அரசாங்கம் குடுத்த எண்ணா இருக்கணும், எங்க இருக்குன்னு தெரியணும். அவ்வளவுதான் இருக்கு." அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆடு வீடா இருக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதலை அக்கா. ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு எண்தான். ரெண்டு ஊசிக்கும் நடுவுல மாத்த முடியாது. அந்த எண் நின்னுபோச்சுன்னா பேர் பழைய முகவரிக்குத் திரும்பிடும். அந்த ஊர்ச் சுற்று போன மாசமே முடிஞ்சுது. அடுத்தது ஆடியில. ஒரு தடவை நின்னுபோன பேரை மறுபடி பதியறதுன்னா நாப்பது நாள் ஆகும். அதனால விக்காத ஆடாப் பார்த்துப் போடுங்க."

நான் அப்படியே கிடைக்குப் போய் ராக்குவின் புருஷன் சாத்தையாவிடம் கேட்டேன். "இருக்கறதுலயே விக்கவே விக்காத ஆடு எது?"

அவன் யோசிக்கவே இல்லை. மந்தையின் ஓரத்தில் தனியாக நின்ற ஒரு செவலைக் கிடாயைக் காட்டினான். "இதுதேங்க. இத யாரும் வெலைக்குக் கேக்க மாட்டாக. கேட்டாலும் குடுக்க மாட்டோம்."

அந்தக் கிடாயின் வில்லை எண்ணை எழுதிக்கொண்டேன். கிடையில் இருந்த பதினான்கு பேருக்கும், ராக்குவின் மகள் செவந்திக்கும் அதுவே வீடு.

ஒன்பதாம் நாள் காலையில் வெள்ளை வண்டி வயல் வரப்போரமாக வந்து, கிடாயிலிருந்து நாலடி தள்ளி மரியாதையாக நின்றது. பெரியவர்களுக்கு வேறு ஊசி, வருஷத்துக்கு ஒன்றுதான். எல்லாரும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். செவந்தி வீறிட்டு அழுதாள். ராக்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றாள். எனக்குப் புள்ளகுட்டி கிடையாது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். வாழ்நாளில் நான் வாங்கிய ஒரே நல்ல பெயர் அதுதான் என்று வீடு வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த நிம்மதி பன்னிரண்டு நாள் நீடித்தது. பதின்மூன்றாம் நாள் சாத்தையா என் அலுவலகத்துக்கே வெற்றிலை பாக்கோடு வந்தான்.

"வர்ற வியாழக்கெழம கெடா வெட்டு டாக்டரம்மா. நீங்க அவசியம் வரணும்."

"எந்தக் கெடா?"

"செவலைதேன். மகளுக்காக நேந்து விட்டது."

நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை விற்கமாட்டார்கள். உண்மைதான். நான் விற்பார்களா என்றுதான் கேட்டேன், வெட்டுவார்களா என்று கேட்கவில்லை. அவன் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடித்தது நான்தான். வியாழக்கிழமை, முதல் ஊசி போட்ட பத்தொன்பதாம் நாள். இரண்டாவது ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும். கிடா செத்த நொடியில் வில்லை ஊமையாகும், வீடு போகும், செவந்தியின் பெயர் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்கும்.

கிடைக்கு ஓடினேன். ராக்குவிடம் சொன்னேன். அவள் கண்ணால் வேப்பமரத்தடியைக் காட்டினாள். அங்கே சேவுகப் பெரியவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். மந்தைக்குத் தலைவர், சாத்தையாவுக்குப் பெரியப்பா, சாமிக்குப் பூசை வைப்பவரும் அவர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"ஒம்பது நாள்தான் பெரியவரே. ஊசி போட்ட மறுநாள் வெட்டிக்கலாம்."

"புள்ளைக்கு அஞ்சு மாசம் முடியறதுக்குள்ள வெட்டுறதா நேந்தது தாயி. வெள்ளிக்கெழமையோட முடியுது."

"சாமி ஒம்பது நாள் பொறுக்காதா?"

"மூத்தவனுக்கும் இப்பிடித்தேன் நேந்தோம். மழ வருது, மேச்சல் இல்ல, அடுத்த மாசம் பாத்துக்கிருவோம்னு தள்ளிப் போட்டோம். புள்ள போயிருச்சு." கயிற்றை முடிச்சுப் போட்டார். "ஊசி ஒங்க வேல. ஒங்களக் கும்புட்டுக்கிறோம். சாமி எங்க வேல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பையன் செத்தது சாமியால் இல்லை, ஒரு கணினிக்கு நடக்கத் தெரியாததால் என்று கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்தால் ராக்குவும் அதே பயத்தோடு நின்றாள். ஊசியை விட்டாலும் குழந்தை போய்விடும், நேர்த்திக்கடனை விட்டாலும் போய்விடும். அவளிடம் போய் எந்த வாயால் எதைத் தேர்ந்தெடு என்று சொல்வது?

"வெட்ட வேணாம்னு நாங்க சொல்லக்கூடாதுங்க" என்றாள் மெதுவாக. "சாமி சொன்னாத்தேன் உண்டு. ஊர்க் கோயிலுக்குப் போக முடியலைன்னா கெடை கெடக்குற எடத்துலயே மூணு கல்ல நட்டுக் கூப்புடுவோம். சாமி வந்துரும். ஒரு தடவகூட தூரம்னு சொன்னதில்ல." பிறகு, "ஊசிக்குத்தேன் தூரம்" என்றாள்.

வியாழக்கிழமை நான் போயிருக்கக் கூடாது. ஆனாலும் போனேன். செய்த தப்பைக் கண்ணால் பார்த்துவிடுவது என்ற வீம்பு. வெயில் ஏறியிருந்தது. வயல் நடுவில் மூன்று கல், மஞ்சள், வேப்பிலை, பொங்கல் பானை. செவலைக் கிடாய்க்கு மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாத்தையா அரிவாளை ஈரத்துணியில் துடைத்து வைத்திருந்தான். ராக்கு குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றாள்.

வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், வெட்டலாம். மூன்று தடவை ஊற்றியும் உதறாவிட்டால் சாமிக்கு அந்த வருஷம் வேண்டாம். அப்படி ஆனதே இல்லை என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி சொன்னாள். ஆகவும் ஆகாது. தண்ணீர் பட்டால் ஆடு உதறத்தானே செய்யும்.

சேவுகப் பெரியவர் செம்பை எடுத்தார். இடது கையைக் கிடாயின் தலைமேல் வைத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வலது கையால் தண்ணீரை ஊற்றினார். கிடா நின்றது. ஒரு நிமிஷம் எல்லாரும் பார்த்தார்கள். அது எதையோ அசைபோட்டது.

இரண்டாம் செம்பு. கிடா வாலை ஆட்டியது, உதறவில்லை. சாத்தையா அரிவாளைக் கைமாற்றிப் பிடித்தான். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த ராக்குவின் கை நின்றுபோனது.

மூன்றாம் செம்பின்போதுதான் நான் பார்த்தேன். ஆடு எல்லாத் தண்ணீருக்கும் உதறாது. காதுக்குள்ளும் பிடரியிலும் ஈரம் இறங்கினால்தான் உதறும். முதுகில் ரோமம் அடர்ந்த இடத்தில் ஊற்றினால் அதற்கு உறைக்கவே உறைக்காது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டது. பெரியவரின் உள்ளங்கை கிடாயின் இரண்டு காதையும் சேர்த்து மூடி அழுத்தியிருந்தது. தண்ணீர் பிடரியைத் தொடாமல் முதுகோடு வழிந்து வாலில் சொட்டியது. மூன்று தடவையும் அப்படித்தான்.

நான் சுற்றிலும் பார்த்தேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஒருவர் வாயும் திறக்கவில்லை. சாத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமி இந்த வருசம் வேணாங்குது" என்றார் பெரியவர். "பொங்கல மட்டும் படைங்க."

ராக்கு அப்படியே வயலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்று யாருக்கோ சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை காலை, வெள்ளை வண்டி மூன்று ஊர் தள்ளி ஒரு கரும்புக் கொல்லை ஓரமாக அவர்களைத் தேடிப்பிடித்து வந்து நின்றது. அதன் உள்ளே செவந்தியின் பேருக்குக் கலந்த மருந்து. நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டுத் திரையைத் தொட்டார். வண்டி தன் வழக்கப்படி உரக்கப் படித்தது: "செவந்தி. இரண்டாம் தவணை முடிந்தது. வீட்டிலிருந்து தூரம், ஆறு அடி." வீடு அப்போது வண்டிச் சக்கரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ராக்கு சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே அழுதாள், நானும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்துகொண்டேன். அங்கிருந்தே ஹபீபுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன், இதே மாவட்டத்தில் இன்னும் பத்து மந்தை இருக்கிறது என்றும், அத்தனை பேருக்கும் அந்தப் படிவத்தை இன்றைக்கே அனுப்புவதாகவும் சொன்னான். இந்தத் தடவை வெட்டாத ஆடா என்றும் கேட்கச் சொன்னேன்.

பெரியவர் கூட்டத்தோடு சேராமல் வரப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சண்டை என்றால் வார்த்தை தானாக வரும். ஒரு வழியாகச் சொன்னேன்.

"நா என்ன தாயி செஞ்சேன். சாமிதேன் வேணாம்னுச்சு."

"பார்த்தேன் பெரியவரே. கை காது மேல இருந்துச்சு."

அவர் திடுக்கிடவில்லை. ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தவனுக்கு நேந்தத தள்ளிப் போடச் சொன்னவன் நாந்தேன் தாயி. வேற யாரும் சொல்லல. அந்தப் புள்ளயக் குழியில வச்சதும் நாந்தேன். மறுபடியும் தள்ளணும்னா, இந்தப் புள்ளைக்கும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, நா எங்க போவேன்? ஒங்க ஊசிய நம்புறதா, சாமிய நம்புறதான்னு தெரியல. செம்பத் தூக்குற வரைக்கும் தெரியல. கை கெடந்து நடுங்குச்சு. எங்கயாவது வைக்கணும்ல. அதேன் காது மேல வச்சேன்."

நான் எழுந்து அவரைக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்து என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்தக் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.